துணிக்கடைகளில் ஆள் நிற்காததற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை விளக்குத்தூண் பகுதியிலும் தெற்கு மாசி வீதியிலும் உள்ள துணிக்கடைகளின் வாசலில் ‘விற்பனைப் பிரிவுக்குப் பெண்கள் தேவை, உணவு, தங்குமிடம் இலவசம்’ என்ற அட்டை முன்பெல்லாம் ஆடி பிறப்பதற்குச் சற்று முன் தொங்கவிடப்படும், தீபாவளி முடிந்ததும் கழற்றப்படும். இப்போது அது ஆண்டு முழுவதும் தொங்குகிறது. கடை உரிமையாளர்கள் நாலு பேர் கூடினால் ‘ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை’ என்பதே பேச்சாக இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டம், மகளிர் உரிமைத்தொகை, செல்போன், இந்தத் தலைமுறையின் பொறுமையின்மை என்று அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களும் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்நகரின் ஒரு பெரிய துணிக்கடையில் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்து, வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் எழுதி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் காரணங்கள் எதுவும் நான் கணக்கு முடித்து அனுப்பிய பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வேலையை விட்டவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துவிடவில்லை. பாதிப் பேர் அடுத்த தெருவில் உள்ள இன்னொரு துணிக்கடையில், ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு, அதே நேரத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். ஆண் பிள்ளைகள் பைக் வைத்திருந்தால் உணவு விநியோகத்துக்குப் போனார்கள். ஆலையில் இரவு ஷிப்ட் உண்டு. நின்றுகொண்டே செய்யும் வேலையும் உண்டு. உணவு விநியோகத்தில் வெயில், மழை, பெட்ரோல் செலவு எல்லாம் அவரவர் தலையில்தான், வருமானமும் நிலையானதன்று. இரண்டையும் நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கம்பெனிப் பேருந்து கிளம்பிவிடும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். செயலியை அணைத்துவிட்டு நண்பனின் திருமணத்துக்குப் போகலாம் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். துணிக்கடை ஊழியருக்குத் தன் நேரத்தைப் பற்றி இவ்வளவுகூடத் தெரியாது. அவர்கள் விட்டுப் போவதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியரின் வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக்கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தரவேண்டும். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்கவேண்டும். ஓய்வுநேரத்தையும் சேர்த்து, ஒருவர் கடைக்குள் நுழைந்தது முதல் வெளியேறுவது வரை 12 மணி நேரத்தைக் கடக்கக்கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, இவை தவிர நோய்விடுப்பும் தற்செயல் விடுப்பும் உண்டு. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தை ஒரு கடை அப்படியே பின்பற்றினால், அந்தக் கடையின் வாசலில் ஆள் தேவை அட்டை தொங்கவேண்டிய அவசியமே அநேகமாக வராது.

நடைமுறையில் காலை ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டவர், ஷட்டரைப் பாதி இறக்கும் இரவு ஒன்பதரை மணிக்கும் விடுபடுவதில்லை. ஏனென்றால் சேலைப் பிரிவில் அதற்குப் பிறகுதான் மடிப்பு வேலை தொடங்குகிறது. ஒரு குடும்பம் ஒரு சேலை எடுப்பதற்குள் முப்பது நாற்பது சேலைகள் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றை முந்தி வெளியே தெரியும்படி மடித்து, விலைச்சீட்டை வெளியே எடுத்துவிட்டு, வகைவாரியாக அடுக்கி முடிக்க இன்னும் முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். இந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பில் போடும் இயந்திரம் அணைந்துவிட்டால் கடை மூடியாகிவிட்டது என்பதே கணக்கு. மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ வந்துபோகும் பெண் அதன் பிறகு பெரியார் நிலையத்துக்கோ மாட்டுத்தாவணிக்கோ போய்ப் பேருந்து பிடித்து வீடு சேரும்போது பதினொரு மணி தாண்டிவிடும். 2021 மே மாதம் முதல் அரசின் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இந்தப் பெண்களுக்குப் பேருதவி, ஐயமில்லை. ஆனால் இரவு பத்தரைக்கு மேல் வண்டி இருந்தால்தானே கட்டணமில்லாமல் பயணம் செய்யமுடியும்.

இதையும் பலர் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களால் பொறுக்க முடியாதது வார விடுமுறை விஷயம். துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்க முடியாது என்பது ஊழியருக்கும் தெரியும்; வியாபாரமே அன்றுதான். செவ்வாய் என்றால் செவ்வாய், புதன் என்றால் புதன், ஏதோ ஒரு நாளை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஆனால் ஃப்ளோர் சூப்பர்வைசர் முந்தைய நாள் இரவு மடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது வந்து ‘நாளைக்கு நீ ஆஃப் எடுத்துக்கோ’ என்பார். அல்லது ‘நாளைக்கு ஆஃப் கிடையாது, ரெண்டு பேர் வரலை’ என்பார். ரேஷன் கடை, வங்கி, பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், மாமியாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, பல் வலிக்கு ஒரு மருத்துவரைப் பார்ப்பது என ஒரு குடும்பத்தின் காரியங்கள் அனைத்துக்கும் நாள் குறித்தாகவேண்டும். குறிக்க முடியாத நாள் விடுமுறையாகவே இருந்தாலும் அது தூங்குவதற்கு மட்டும்தான் பயன்படும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் அந்த நாளும் இல்லை. அதற்கு ஈடாகப் பின்னர் தருவதாகச் சொல்லப்படும் விடுமுறை கடன் கணக்கைப் போல அடுத்த பக்கத்துக்குத் தூக்கி எழுதப்பட்டு, ஊழியர் வேலையை விடும் நாளில் ஒன்றுமில்லாமல் போகும்.

முறைப்படி விடுமுறை கிடைக்காத இடத்தில் பொய் பிறக்கும். எங்கள் விடுப்புப் பதிவேட்டின்படி சில பெண்களுக்கு இறந்துபோன பாட்டிகளே நான்கைந்து பேர் இருந்தார்கள். நாங்களும் அதை நம்புவதுபோல எழுதிக்கொள்வோம், சூப்பர்வைசரும் நம்பாமலே தலையசைப்பார். ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிட்டால் ஒரு நாள் சம்பளத்துக்குப் பதில் இரண்டு நாள், மூன்று நாள் சம்பளத்தைப் பிடிப்பதும், அந்த மாத இன்சென்டிவை முழுவதும் வெட்டுவதும் பல கடைகளில் வழக்கம். வேலை செய்யாத நாளுக்கு அந்த நாளின் சம்பளத்துக்கு மேல் பிடிப்பது எந்த வகையில் நியாயம் என்று கேட்டால், ‘இல்லாவிட்டால் ஞாயிறு அன்று ஒருத்தரும் வரமாட்டார்கள்’ என்பார்கள்.

இந்த நிலையில் ஒரு பெண்ணுக்குத் தங்கையின் திருமணம் வருகிறது, அல்லது திருநெல்வேலிப் பக்கத்து ஊர் என்றால் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. அவளுக்கு ஐந்து நாள் தேவை. ஐந்து நாள் தரமாட்டார்கள் என்பது கேட்காமலே தெரியும். எனவே அவள் வேலையை விடுகிறாள். திருமணம் முடிந்து, ஊரில் பத்து நாள் இருந்து, களைப்பு தீர்ந்ததும் வேறொரு கடையில் போய்ச் சேர்கிறாள். நான் கணக்கு முடித்த பெண்களில் பெரும்பாலோர் தீபாவளி போனஸ் கைக்கு வந்த உடனேயோ, பங்குனி சித்திரை வைகாசி மாதங்களிலோ, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலோதான் போனார்கள். சம்பளம் போதவில்லை என்று போகிறவர்கள் இப்படிக் காலம் பார்த்துப் போவானேன்? வேலையை விடுவதுதான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நீண்ட விடுமுறையாக இருந்தது. சட்டப்படி அவளுக்கு உரிய 12 நாள் விடுப்பில் ஐந்து நாளை நாங்கள் கொடுத்திருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள். கொடுக்காமல் ஓர் அனுபவசாலியை அடுத்த தெருக் கடைக்கு இனாமாக அனுப்பிவைத்தோம். அந்தக் கடையும் அதே காரணத்தால் தன் ஆட்களில் ஒருவரை எங்களுக்கு அனுப்பிவைத்தது. மதுரையின் துணிக்கடைகள் தமக்குள் ஆட்களை மாற்றிக்கொண்டே, மொத்தத்தில் ஆள் இல்லை என்று புலம்புகின்றன.

சம்பளத்தைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தரப்படும் சம்பளத்தை எட்டு மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் சங்கடமான எண்தான் வரும். ஆயினும் ஐந்நூறு ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்லி நிறுத்திவைத்த பெண்களும் அடுத்த வைகாசியில் போய்விட்டார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்களைத் தக்கவைக்க உரிமையாளர்கள் கையாளும் வழிகள் வேறு. பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அதைக் கழிக்கும் வரை இருக்கச் சொல்வது, முதல் மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பது, மாற்றுச் சான்றிதழின் அசலை வாங்கிப் பீரோவில் வைப்பது, விடுதிப் பெண்களை மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வெளியே அனுப்புவது ஆகியவை அந்த வழிகள். நிறுத்திவைத்த சம்பளத்தையே விட்டுவிட்டு இரவோடு இரவாக ஊருக்குப் போன பெண்கள் உண்டு. மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு விலகுபவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் கொடுத்துவிடவேண்டும். சம்பளத்தை அடமானமாக வைத்து ஆளைப் பிடித்துவைக்கும் பழக்கத்துக்கு இனியாவது முடிவு வரவேண்டும்.

அடிக்கடி கடை மாறுவதால் ஊழியர்கள் இழப்பதும் கொஞ்சமல்ல. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறப் பொதுவாகத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் ஒரே இடத்தில் இருந்திருக்கவேண்டும். துணிக்கடைப் பெண்களில் எத்தனை பேர் ஐந்தாண்டுகளைத் தொட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வருங்கால வைப்புநிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். வெவ்வேறு கடைகளில் இருந்த காலத்தைக் கூட்டிக் காட்ட வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கடையும் பழைய கணக்கு எண்ணைக் கேட்காமல் புதிதாக ஓர் எண்ணைத் தொடங்கிவிடுவதாலும், அந்தப் பெண்ணுக்கே தன் எண் தெரியாததாலும், பெயரின் எழுத்து ஆதாரில் ஒருவிதமாகவும் கடையில் ஒருவிதமாகவும் இருப்பதாலும், நாற்பது வயதில் அவள் கையில் இருப்பது ஒன்றுடன் ஒன்று சேராத நான்கைந்து சிறு தொகைகள் மட்டுமே. நீண்ட காலம் பணியாற்றுபவருக்குப் பணிக்கொடை தரும் பொறுப்பு கூடும் என்பதற்காக, ஆள் மாறிக்கொண்டே இருப்பதை உள்ளூர விரும்பும் முதலாளிகளும் சிலர் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும்.

அப்படி விரும்புபவர்கள் தங்கள் வணிகத்தின் மூலதனம் எது என்பதை அறியாதவர்கள். சேலை விற்பது பெட்டிக்கடையில் சோப்பு எடுத்துக் கொடுப்பது போன்ற வேலையன்று. காஞ்சிபுரத்துச் சேலையில் பார்டரும் உடலும் கோர்வையாகச் சேர்க்கப்பட்டதா இல்லையா என்று திருப்பிப் பார்த்துச் சொல்லவும், ஜரிகை அசலா கலப்பா என்று வாடிக்கையாளர் கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லவும், அறுபதாம் நம்பர் நூலுக்கும் நூறாம் நம்பர் நூலுக்கும் உள்ள வேறுபாட்டை விரலில் தொட்டே உணரவும், சுங்குடி என்று சொல்லி வரும் அச்சுத் துணியை உண்மையான முடிச்சுச் சுங்குடியிலிருந்து பிரித்தறியவும் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தப் பிரிவிலேயே நின்றிருக்கவேண்டும். முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பம், மூத்த மகளுக்கு எடுத்தபோது காட்டிய அக்கா இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் படியேறும். இல்லை என்று சொன்ன பிறகு அந்தக் குடும்பம் எத்தனை சேலைகளைப் பிரிக்கச் சொல்கிறது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, கடைசியில் வாங்காமல் இறங்கிப் போகிறதா என்பதைத் தளத்தில் நின்றவர்கள் அறிவார்கள். இதைத் தவிர ஏஜென்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கமிஷன், புதுச் சீருடை, விடுதிச் செலவு, பழகும் வரை நேரும் பில் தவறுகள் என்று கணக்கில் தெரியும் நட்டமும் இருக்கிறது. ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கான செலவை எங்கள் கடையில் ஒருபோதும் ஒரே தலைப்பின் கீழ் எழுதியதில்லை; எழுதியிருந்தால் வார விடுமுறை அதைவிட மலிவு என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும்.

அரசு இந்தத் துறையில் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி. விஜி முன்னின்று நடத்திய பெண்கூட்டு அமைப்பின் நீண்ட போராட்டத்தின் பயனாக, கேரளம் 2018-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து அதே உரிமையை வழங்கியது. நாள் முழுவதும் நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்களையும், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்களையும் பார்த்தவன் என்பதால் அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். இன்று கடைகளில் முக்காலிகள் இருக்கின்றன. நான் துணி எடுக்கப் போகும் சில கடைகளில் அவற்றின்மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதையும் பார்க்கிறேன். கண்காணிப்புக் கேமராவின் கீழ் உட்கார்வது சோம்பலாகக் கருதப்படும் வரை இருக்கை இருந்தும் பயனில்லை. ஆனாலும் சட்டம் வந்ததால் அந்த முக்காலியாவது கடைக்குள் வந்தது. நேரத்தைப் பற்றிய சட்டம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும் கடைக்குள் வரவில்லை.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பு தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுதிரண்டன. சில நாட்களிலேயே அந்தத் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சங்கம் இருந்ததால் அது முடிந்தது. சங்கமே இல்லாத துணிக்கடையில் எந்தச் சட்டத்திருத்தமும் இல்லாமல், எந்த வெளிநடப்பும் இல்லாமல், பன்னிரண்டு மணி நேர வேலை பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. நாட்டு முன்னேற்றத்துக்கு இளைஞர்கள் வாரத்தில் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி அவர்கள் 2023-இல் சொன்னதற்கு நாடெங்கும் விவாதம் நடந்தது. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 72 மணி நேரம். எங்கள் சேலைப் பிரிவு அந்த இலக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுக்கு மறுநாள் தங்கள் இதழில் ஒரு சிறு செய்தி வரும். தேசிய விடுமுறை நாளில் ஊழியர்களுக்கு விடுமுறையோ இரட்டிப்புச் சம்பளமோ மாற்று விடுப்போ அளிக்காத இத்தனை கடைகள் மீது நடவடிக்கை என்று தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் தெரிவிக்கும் செய்தி அது. அந்த நான்கு நாட்களும் எங்கள் கடையில் பதிவேடுகள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் ஊழியர் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று கேட்க யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆய்வு செய்யும் அலுவலர்களின் எண்ணிக்கை குறைவு என்பதையும், எடை அளவு முதல் குழந்தைத் தொழிலாளர் வரை அவர்கள் தலையில் பல பொறுப்புகள் சுமத்தப்பட்டிருப்பதையும் நான் அறிவேன். அதனாலேயே அவர்கள் எதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது முக்கியமாகிறது.

அதற்கு அடித்தளமும் ஏற்கெனவே இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அனுமதி அளித்த தமிழக அரசின் ஆணை, 2022-இல் நீட்டிக்கப்பட்டபோதும் சில நிபந்தனைகளைத் தொடர்ந்து விதித்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும். அன்றன்று விடுமுறையில் இருப்பவர்களின் விவரத்தைக் கடையில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். நல்ல நிபந்தனை, ஆனால் இன்று யார் விடுமுறை என்று இன்று எழுதி வைப்பது ஆய்வாளருக்கு உதவுமே தவிர, ஊழியருக்கு உதவாது. அடுத்த இரண்டு வாரங்களுக்கு யார் யாருக்கு எந்த நாள் விடுமுறை, யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டவேண்டும் என்று அந்த நிபந்தனையை மாற்றினால், புதிதாக ஒரு சட்டமும் தேவைப்படாது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அமெரிக்காவில் கடை ஊழியர்களுக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே வேலைநேர அட்டவணையைத் தரவேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014-இல் பெரிய சங்கிலிக் கடைகளுக்குச் சட்டம் இயற்றியது. ஒரிகன் மாநிலம் 2017-இல் மாநிலம் முழுமைக்கும் முன்னறிவிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கேப் என்ற ஆடை நிறுவனம் தன் கடைகள் சிலவற்றில் ஆய்வாளர்களின் துணையோடு, முன்கூட்டியே அட்டவணை தருவது, தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பது, ஊழியர்கள் தமக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதிப்பது முதலிய ஏற்பாடுகளைச் சோதித்துப் பார்த்தது. 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அந்தக் கடைகளில் விற்பனை 7 விழுக்காடு உயர்ந்தது. அனுபவமுள்ள ஊழியர்கள் விலகிப் போவதும் குறைந்தது. அங்குள்ள ஊழியர்களின் குறை நம் ஊர்க் குறைக்கு நேர் எதிரானது: அவர்களுக்கு வேலைநேரம் போதாமல் இருந்தது, இவர்களுக்கு மிதமிஞ்சி இருக்கிறது. ஆனால் நாளை என்ன நேரம் என்று தெரியாத தவிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதால் அந்த ஆய்வு நம் முதலாளிகள் படிக்கத் தக்கது.

இரவு வியாபாரத்தை இழக்க முடியாது என்பது அவர்கள் முன்வைக்கும் வலுவான மறுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் வருகிறது என்பது உண்மை. அப்படியென்றால் காலை பத்து மணி முதல் மதியம் வரை, வாடிக்கையாளரைவிட ஊழியர் அதிகமாக இருக்கும் தளத்தில் அத்தனை பேரும் ஏன் நிற்கவேண்டும்? நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் கடையில் பாதிப் பேர் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை, மீதிப் பேர் பிற்பகல் ஒன்று முதல் இரவு பத்து வரை என்று பிரித்துவிட்டால், கூட்டம் கூடும் மாலை நேரத்தின் தொடக்கத்தில் இரு அணியும் கடையில் இருக்கும். மடிப்பின் பெரும்பகுதியும் இரண்டாம் அணியின் வேலைநேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கூடுதலாகச் சில ஆட்களை எடுக்கவேண்டிவரும், அதை மறைக்கவேண்டியதில்லை. பண்டிகைக் காலத்தில் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள் ஓய்வு கேட்கும் துணிக்கடை ஊழியரை நான் கண்டதில்லை. அந்த நாட்களில் இழந்த விடுமுறையை ஒரு மாதத்துக்குள் சம்பளத்துடன் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் அவர்களும் சொல்வார்கள்.

நான்கு பேர் வேலை செய்யும் சிறு கடைக்கு இரண்டு அணி சாத்தியமில்லை. ஆனால் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் சிறு கடைகளில் குறைவாகவே கேட்கிறது. அங்கே முதலாளியே கல்லாவில் இருப்பதால், ‘அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து’ என்று பத்து நாள் முன்பே நேரில் சொல்லிவிடலாம். அவரும் அன்றைக்கு ஒரு மொய்க்கவரைக் கையில் கொடுத்து அனுப்புவார். சம்பளம் பெரிய கடையைவிடக் குறைவாக இருந்தும் இருபதாண்டுகளாக ஒரே சிறு கடையில் இருப்பவர்கள் இந்நகரில் பலர். பெரிய கடைகள் தளம் தளமாக உயர்ந்தபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது; அதற்குப் பதிலாக எழுதப்பட்ட ஒரு முறையாவது வந்திருக்கவேண்டும், அதுவும் வரவில்லை.

வாங்க வருகிற நாமும் இதில் சம்பந்தப்பட்டவர்கள். இரவு ஒன்பதே காலுக்குப் படியேறி, ‘சும்மா பார்க்கத்தான்’ என்று முப்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று யோசிக்கலாம். உணவகங்களில் காலை டிபனுக்கு ஒரு முறையும் இரவுக்கு ஒரு முறையுமாக நாளை இரண்டாக உடைத்து வேலை வாங்கும் வழக்கமும், தனியார் மருத்துவமனைகளில் மாற்று ஆள் வராததால் செவிலியர் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தவைதான். அவற்றை அந்தந்தத் துறையில் இருந்தவர்கள் எழுதினால் இன்னும் தெளிவாக இருக்கும்.

வரும் ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முன் ஜவுளி வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் மூன்று காரியங்களை மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கான விடுமுறைப் பட்டியலை ஊழியர் சாப்பிடும் அறையில் ஒட்டுவது, ஒட்டியதை மாற்றினால் அந்த நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம் தருவது, பில் இயந்திரம் அணைந்த நேரத்தை விட்டுவிட்டு ஊழியர் வாசலைத் தாண்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது ஆகிய மூன்றும் அவை. தொழிலாளர் துறையினர் ஆகஸ்ட் 15-க்காகக் காத்திராமல் ஒரு சாதாரண வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்குத் தெற்கு மாசி வீதியில் வந்து நின்று, ஷட்டர் இறங்கிய கடைகளின் பக்கவாட்டுக் கதவு வழியாக யார் யார் எப்போது வெளியே வருகிறார்கள் என்று பார்த்து, மறுநாள் காலை அதே கடைகளின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கும்படியும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துணிக்கடைப் பணியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
மதுரை.